மேட்ச்சுக்கு முன்னாடி பசங்க ஏன் அப்படி ஆடறாங்க, நாம என்ன பண்ணலாம்

நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சுட்டுதான் பதில் எழுதறேன் சார். கடலூர் பக்கத்துல ஒரு மேல்நிலைப் பள்ளில புதுசா பி.டி. வாத்தியாரா சேர்ந்திருக்கீங்க, புட்பால் டீம் உங்க பொறுப்பு, பசங்க சாயந்திரம் ப்ராக்டிஸ்ல சொன்ன பேச்சு கேக்கறாங்க, ஆனா மேட்ச் அன்னைக்கு கிரவுண்டுல கால் வச்சதுமே வேற ஆளா மாறிடறாங்க, கத்தறது, எதிர் ஸ்கூல கிண்டல் பண்றது, ஜெர்சி நம்பருக்கு அடிச்சிக்கறது, ஒருத்தன் வாந்தி எடுக்கறான், போன குறுவட்டப் போட்டில வார்ம்-அப் நேரத்துலயே பக்கத்து ஸ்கூல் பசங்களோட கைகலப்பு, ஹெச்.எம். கூப்பிட்டு செம டோஸ் விட்டுட்டார். இதுக்கு ரவுண்டு ஓட விடறதா, செல்போன புடுங்கறதா, கைகலப்புல மாட்டுன மூணு பேர டீம விட்டே தூக்கறதான்னு கேட்டிருக்கீங்க. ஆனா நீங்க கேக்க வந்தது தண்டனைய பத்தி மட்டும் இல்லன்னு நினைக்கறேன். ப்ராக்டிஸ்ல ஒழுங்கா இருக்கற அதே பையன் மேட்ச் காலைல ஏன் அப்படி ஆடறான், அத முன்கூட்டியே எப்படி தடுக்கறது, அதான.

நான் புதுச்சேரில ஸ்கூல் பசங்களுக்கு ரொம்ப வருஷமா புட்பால் சொல்லிக்குடுக்கறேன். உப்பளம் இந்திரா காந்தி ஸ்டேடியம், கடலூர் அண்ணா ஸ்டேடியம்னு பசங்கள கூட்டிக்கிட்டு போகாத போட்டி இல்ல. சைக்காலஜி படிச்சவன் கிடையாது. அதனால எது ஆராய்ச்சில உறுதியானது, எது என் அனுபவம், எதுல இன்னும் சந்தேகம் இருக்குன்னு பிரிச்சே சொல்றேன்.

முதல்ல அனுபவத்துலேர்ந்து ஒண்ணு, இத நான் அடிச்சு சொல்வேன். மேட்ச் அன்னைக்கு நடக்கற தகராறுல முக்கால்வாசி காத்துக்கிட்டிருக்கற நேரத்துல நடக்கறது. நம்ம குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும், காலைல எட்டு மணிக்கு ரிப்போர்ட் பண்ணுன்னு சர்க்குலர் வரும், பசங்க ஆறு மணிக்கே எழுந்து பாதி பேர் சாப்பிடாம வருவான், அப்புறம் சீஃப் கெஸ்ட் வரணும், கொடி ஏத்தணும், லாட் போடணும், நம்ம மேட்ச் பதினொண்ணுன்னு சொல்வாங்க, அது ஒண்ணரைக்கு தள்ளிப் போவும். அது வரைக்கும் ஒரே வேப்ப மரத்து நிழல்ல நாலு ஸ்கூல் பேக் கிடக்கும், நாலு ஸ்கூல் பசங்களும் ஒருத்தன ஒருத்தன் முறைச்சிக்கிட்டு உக்காந்திருப்பான். பதினாறு வயசுப் பையன், உள்ளுக்குள்ள பயம், கைல வேலை இல்ல, எதிர்ல எதிர் டீம், பழைய ஸ்டூடண்ட்ஸ் நாலு பேர் பைக்ல வந்து "டேய் போன வருஷம் வாங்குனது மறந்துடுச்சா"ன்னு ஏத்தி விடறான். இதுல சண்டை வரலன்னாதான் ஆச்சரியம். அதனால ஒழுக்கம்னு தலைப்பு போட்டு லெக்சர் குடுக்கறத விட அந்த காலி நேரத்த எப்படி நிரப்பறதுன்னு யோசிக்கறதுதான் உங்க வேலைல பெரிய பங்கு.

அடுத்து உடம்பு விஷயம், இது மருத்துவத்துல உறுதியானது. போட்டி நெருங்க நெருங்க அட்ரினலின் ஏறும், இதயம் வேகமா துடிக்கும், வயித்துக்கு போற ரத்தம் குறைஞ்சு கை கால் தசைக்கு திரும்பும். அதனாலதான் ஒருத்தனுக்கு குமட்டல், ஒருத்தன் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பாத்ரூம் போறான், ஒருத்தனுக்கு கை ஜில்லுன்னு ஆயிடுது, ஒருத்தன் காரணமே இல்லாம சிரிச்சிக்கிட்டே இருக்கான். சத்தமா கத்தி எதிர் டீம வம்புக்கு இழுக்கறவனையும் வாந்தி எடுக்கறவனையும் நாம ரெண்டு கேஸா பாக்கறோம், ஒருத்தன திட்டறோம், ஒருத்தன தட்டிக்குடுக்கறோம். பல நேரம் ரெண்டு பேருக்கும் உள்ள ஓடறது ஒரே பயம்தான். இத பசங்களுக்கே ஒரு நாள் ப்ராக்டிஸ் முடிஞ்சதும் உக்கார வச்சு சொல்லிடுங்க, "வயிறு கலக்கும்டா, எல்லாருக்கும் கலக்கும், உடம்பு ரெடி ஆவுதுன்னு அர்த்தம்"னு. வாந்தி எடுத்த பையன மத்தவங்க ஓட்டறது அதோட பெரும்பாலும் நின்னுடும். ஆனா ஒரு பையனுக்கு மேட்ச் இல்லாத நாள்லயும் தூக்கம் வரல, படபடப்பு, அழுகைன்னா அது நம்ம கைய மீறுனது, வீட்டுக்கு சொல்லி டாக்டர பாக்க வைங்க, 14416னு டெலி-மானஸ் நம்பர் இருக்கு, அரசாங்கத்தோட இலவச மனநல உதவி, தமிழ்லயே பேசுவாங்க.

சந்தேகமானது எதுன்னா, "பசங்கள சூடேத்துனாதான் நல்லா ஆடுவான்"ங்கற நம்பிக்கை. கோச்சிங் கோர்ஸ்ல எல்லாம் தலைகீழ் யு மாதிரி ஒரு வளைவு போட்டு காமிப்பாங்க, பதட்டம் கொஞ்சம் ஏறுனா ஆட்டம் நல்லா வரும், ரொம்ப ஏறுனா கெட்டுடும்னு. அது 1908ல யெர்க்ஸ், டாட்சன்னு ரெண்டு பேர் எலிங்களுக்கு ஷாக் குடுத்து பண்ண சோதனைலேர்ந்து வந்தது, அத அப்படியே பதினாறு வயசு ஸ்ட்ரைக்கர் மேல ஒட்டறது எனக்கு சரியா படல. யூரி ஹானின்னு ஒரு விளையாட்டு உளவியலாளர் சொன்னதுதான் கிரவுண்டுல நான் பாக்கறதோட ஒத்துப் போவுது, ஒவ்வொரு ஆளுக்கும் அவனுக்குன்னு ஒரு அளவு இருக்கு, ஒருத்தனுக்கு சரியான படபடப்பு இன்னொருத்தனுக்கு அதிகம்னு. என்கிட்ட ஒரு கோல்கீப்பர் இருந்தான், மேட்ச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பேச்ச நிறுத்திடுவான், கிளவுஸ் பட்டைய பிரிப்பான், ஒட்டுவான், திரும்ப பிரிப்பான், அந்த கரகர சத்தம் மட்டும்தான் கேக்கும். அதே டீம்ல ரைட் விங் ஆடுன பையன் வாய மூடவே மாட்டான், பாட்டு, மிமிக்ரி, பக்கத்துல இருக்கறவன சீண்டல். ரெண்டு பேரும் நல்லா ஆடுனாங்க. ரெண்டு பேரையும் ஒரே இடத்துல உக்கார வச்சா மட்டும் நாசம், கீப்பர் எரிச்சலாயிடுவான், அடிதடி வரைக்கும் போயிடும். அதனால எல்லாரும் கண்ண மூடி அமைதியா உக்காருன்னும் சொல்லாதீங்க, எல்லாரும் சேர்ந்து கத்துன்னும் சொல்லாதீங்க. பேசறவங்க ஒரு பக்கம், பேசாதவங்க ஒரு பக்கம், நடுவுல நீங்க.

காலி நேரத்த எப்படி நிரப்பறதுன்னா, ஆளுக்கு ஒரு வேலை. சும்மா பேருக்கு குடுக்கற வேலை இல்ல, அவன் செய்யலன்னா டீமுக்கு நஷ்டம் வரணும். எலிஜிபிலிட்டி ஃபார்ம் ஃபைல் ஒருத்தன், தண்ணி கேன் ரெண்டு பேர், பந்துல காத்து பாக்கறதும் பம்ப்பும் ஒருத்தன், ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் ஒருத்தன், எல்லாரும் ஷின் கார்டு எடுத்துட்டு வந்தானான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பாக்கறது ஒருத்தன். அதிகமா வம்பு பண்றவனுக்கு கமிட்டி டேபிளுக்கு போயி அடுத்த மேட்ச் எப்போன்னு கேட்டுட்டு வர்ற வேலைய குடுங்க. அவனுக்கு நடக்கணும், பெரியவங்க கிட்ட மரியாதையா பேசணும், திரும்பி வந்து எல்லாருக்கும் சேதி சொல்லணும், அந்த மூணும் அவனுக்கு நல்லது. நம்ம மேட்ச்சுக்கு முந்தின மேட்ச்ச சும்மா பாக்க விடாதீங்க, ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு "அந்த நாலாம் நம்பர் எந்தக் கால்ல அடிக்கறான், த்ரோ-இன் எங்க போடறான், கார்னருக்கு யார் மேல வரான்"னு பாத்து சொல்ல சொல்லுங்க. கிண்டல் பண்ணிக்கிட்டிருந்த வாய் அப்போ ஆட்டத்த பத்தி பேச ஆரம்பிக்கும்.

ஜெர்சி நம்பர் சண்டைக்கு ஒரே மருந்து, சீசன் ஆரம்பத்துலயே நம்பர எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறது. ஃபர்ஸ்ட் லெவன் யார்னு மேட்ச் கிரவுண்டுல சொல்லாதீங்க, முந்தின நாள் சாயந்திரமே சொல்லிடுங்க. இதுல மத்த கோச்சுங்க என்னோட ஒத்துக்க மாட்டாங்க, கடைசி வரைக்கும் சொல்லாம வச்சாதான் எல்லாரும் உஷாரா இருப்பான்னு வாதம் பண்ணுவாங்க. எனக்கென்னமோ பெஞ்சுல உக்காரப் போறவனுக்கு அந்த வருத்தத்த வீட்ல ஒரு ராத்திரி தூங்கி தீத்துக்க நேரம் குடுக்கறதுதான் நியாயம்னு படுது. கிரவுண்டுல வச்சு சொன்னீங்கன்னா அவன் மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டு பக்கத்துல ரெண்டு பேர கெடுப்பான். அப்படியே தனியா கூப்பிட்டு ஏன்னு ஒரு வரி காரணமும் சொல்லிடுங்க.

கயிறு, காப்பு, செயின், கம்மல் விஷயத்த கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா பாதி சண்டைக்கு விதை அங்க இருக்கு. புட்பால் விதி 4 படி நகை எதுவும் போட்டுக்கிட்டு ஆடக் கூடாது, செயின், மோதிரம், காப்பு, கம்மல், தோல் பட்டை, ரப்பர் பேண்ட் எல்லாம் கழட்டணும், மேல டேப் சுத்தி மறைக்கறதுக்கும் அனுமதி இல்ல. இத ரெஃப்ரி செக்கிங்ல சொல்ற வரைக்கும் விட்டீங்கன்னா கடைசி அஞ்சு நிமிஷம் கத்திரி தேடற கலாட்டாவுலயே போயிடும், பையனுக்கு மூடு கெடும். ஸ்கூல விட்டு கிளம்பறப்பவே எல்லாரோட கையும் வெறுங்கையா இருக்கணும். இதுல இன்னொரு நன்மையும் இருக்கு. மணிக்கட்டு கயிறோட கலர வச்சு யார் எந்த சாதின்னு பசங்க கண்டுபிடிக்கறது நம்ம பக்கமும் நடக்கறதுதான, 2024ல நீதிபதி சந்துரு கமிட்டி அறிக்கை கூட ஸ்கூல்ல அந்த கலர் கயிறுங்கள தடை பண்ணணும்னு சொல்லிச்சு. நீங்க சாதிப் பேச்ச எடுத்து ஒரு பையன மட்டும் கழட்ட சொன்னா அது வேற பிரச்சனையா வெடிக்கும். விதி 4னு சொல்லி கேப்டன்லேர்ந்து ஆரம்பிச்சு எல்லாரும் கழட்டுனா யாருக்கும் தனியா அவமானம் இல்ல. கோயில் கயிறுன்னு தயங்கற பையன் கிட்ட மட்டும் அதட்டாம பேசுங்க, அம்மா கட்டிவிட்டதுன்னா வீட்லயே கழட்டி வச்சுட்டு வரச் சொல்லுங்க, குப்பைல போடறா மாதிரி ஆவக் கூடாது.

போன். புடுங்கறதுன்னு நீங்க எழுதுன வார்த்தையே வேணாம், பஸ் ஏறும்போது எல்லா போனும் ஒரே பைல போவட்டும், ஸ்கூல்ல போன் அனுமதியே இல்லன்னாலும் போட்டி அன்னைக்கு கொண்டு வருவான், தெரிஞ்ச விஷயம்தான். உங்க போன சைலண்ட்ல போட்டு நீங்களும் பாக்கெட்ல வச்சுக்கோங்க. இங்க நான் பாத்தது என்னன்னா, கிரவுண்டு சண்டை பல நேரம் கிரவுண்டுல ஆரம்பிக்கறதே இல்ல, முந்தின ராத்திரி ஒருத்தன் எதிர் ஸ்கூல வச்சு ஸ்டேட்டஸ் போட்டிருப்பான், ரீல்ஸ் போட்டிருப்பான், அதுக்கு அவன் கமெண்ட் போட்டிருப்பான். உங்க கைகலப்பும் அப்படித்தானான்னு விசாரிங்க. கேப்டன தனியா கேட்டா அஞ்சு நிமிஷத்துல மொத்த கதையும் வந்துடும். உதட்டுக்குள்ள புகையிலை பாக்கெட் வைக்கற பழக்கமும் பசங்க கிட்ட இருக்கு, "டென்ஷன் குறையும் சார்"னு சொல்வான், நிக்கோட்டின் இதயத் துடிப்ப ஏத்தும், குறைக்காது. ஸ்கூல்லேர்ந்து நூறு கெஜத்துக்குள்ள புகையிலை விக்கக் கூடாதுன்னு 2003 சட்டமே இருக்கு, கடை தெரிஞ்சா ஹெச்.எம். மூலமா புகார் குடுங்க, பையன மட்டும் போட்டு அடிச்சு பிரயோஜனம் இல்ல.

சாப்பாடு, தண்ணி, தூக்கம். பசியும் தாகமும் இருக்கற பையன் சண்டைக்காரனா மாறிடுவான். இட்லி, வாழைப்பழம் மாதிரி லேசானத மேட்ச்சுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி முடிச்சிடணும், மேட்ச் தள்ளிப் போனா நடுவுல இன்னொரு பழம். ஸ்பான்சர் பண்றேன்னு யாராவது பிரியாணி பொட்டலம் குடுத்தா வாங்கி வைங்க, மேட்ச் முடிஞ்சு பிரிக்கலாம். எனர்ஜி டிரிங்க் வேணவே வேணாம், சின்னப் பசங்களுக்கும் டீன் ஏஜ் பசங்களுக்கும் அதுக்கு இடமே இல்லன்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2011லயே சொல்லிடுச்சு. பதிமூணுலேர்ந்து பதினெட்டு வயசுக்கு எட்டுலேர்ந்து பத்து மணி நேரம் தூக்கம் வேணும், முந்தின ராத்திரி போன் பாத்துட்டு ஒரு மணிக்கு படுத்தவன் காலைல சிடுசிடுன்னுதான் இருப்பான். நம்ம கடற்கரை பக்கத்து புழுக்கத்துல வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது, அதனால ஆட்டத்துக்கு நடுவுல தண்ணி குடிக்க பிரேக் வேணும்னு ரெஃப்ரி கிட்ட முன்னாடியே பணிவா கேட்டு வைங்க, போட்டி விதில இருந்தா தருவாங்க. பொண்ணுங்க டீமும் உங்க பொறுப்புன்னா ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, கிரவுண்டுல பாத்ரூம் சரியில்லன்னு அவங்க காலைலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க, அப்புறம் தலைவலி, மயக்கம், எரிச்சல், அத நாம திமிருன்னு நினைச்சிக்கறோம். போனதும் முதல் வேலையா பாத்ரூமும் டிரஸ் மாத்த இடமும் எங்கன்னு பாருங்க. 2018ல மணிப்பூர ஜெயிச்சு தேசிய சாம்பியன் ஆன தமிழ்நாடு பெண்கள் டீம்ல ஆடுன இந்துமதி கதிரேசன் நம்ம கடலூர் பொண்ணு, அந்த ஊர்ல பொண்ணுங்க புட்பால இளக்காரமா பேசற பசங்க இருந்தா அவங்களுக்கு அத சொல்லுங்க.

வார்ம்-அப்ப ஒழுக்கத்துக்கான கருவியா பயன்படுத்துங்க. ஃபிஃபா 11 ப்ளஸ்னு ஒரு பயிற்சி முறை இருக்கு, மொத்தம் பதினஞ்சு பயிற்சி, சுமார் 20 நிமிஷம், பந்து கூட தேவையில்ல. நார்வேல பதிமூணுலேர்ந்து பதினேழு வயசு பொண்ணுங்கள வச்சு பண்ண ஆய்வுல, 2008ல வெளிவந்தது, மொத்த காயங்கள் சுமார் மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. அதனால பசங்க நடத்தை மாறும்னு யாரும் நிரூபிக்கல, இது என் கணிப்புதான், ஆனா வாரத்துல ரெண்டு மூணு நாள் அதே வரிசைல பண்ணிப் பழகுன டீம் புது கிரவுண்டுல நின்னாலும் உடம்பு தானா அந்த வரிசைக்குள்ள போயிடும், கண்ணு பக்கத்து டீம் மேல போவாது. இடத்த மட்டும் நீங்க முன்னாடியே போயி பாத்து வைங்க, எதிர் டீம் வார்ம்-அப் பண்ற கோடிக்கு எதிர்க் கோடி. ஒருத்தன் உதைச்ச பந்து அடுத்த டீம் கால்ல போயி விழறதுதான் பல கைகலப்போட முதல் காட்சி, பந்து எடுக்கப் போறது எப்பவும் நீங்களா இருங்க இல்ல கேப்டனா இருக்கட்டும்.

கிக்-ஆஃப்புக்கு முன்னாடி பேசற பேச்சு ரெண்டு நிமிஷத்த தாண்ட வேணாம். புதுசா எதுவும் சொல்லாதீங்க, ப்ராக்டிஸ்ல சொன்னதுல ரெண்டு விஷயம், அவ்வளவுதான். மெதுவா மூச்ச வெளிய விடற பயிற்சிய முன்னாடியே பழக்கியிருந்தா அப்போ பண்ணலாம், இதயத் துடிப்பு இறங்கும்ங்கறது உறுதி, கோல் விழுமான்னு கேட்டா அதுக்கு யாரும் கேரண்டி தர முடியாது.

இப்போ தண்டனை. ரவுண்டு ஓட விடறது வேணாம், மேட்ச்சுக்கு வேண்டிய கால்ல நீங்களே சக்திய எடுத்துடறீங்க. அடிக்கறதும் அவமானப்படுத்தறதும் வேணாம், பதினாலு வயசு வரைக்கும் உள்ள பசங்கள அப்படி பண்றது 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 படியே தடை, அத தாண்டியும் அடி வாங்குன பையன் அந்த கோவத்த எதிர் டீம் மேலதான் இறக்குவான். வாஷிங்டன் யுனிவர்சிட்டில ஸ்மித், ஸ்மோல்னு ரெண்டு பேர் பசங்க பேஸ்பால் கோச்சுங்கள வச்சு ரொம்ப வருஷம் ஆராய்ச்சி பண்ணாங்க, முயற்சிய பாராட்டு, தப்பு பண்ணா தைரியம் சொல்லி எப்படி திருத்தறதுன்னு காமி, தண்டிக்காத, விதிகள பசங்களோட சேர்ந்தே போடுன்னு பயிற்சி குடுத்த கோச்சுங்க கிட்ட அடுத்த சீசன்ல ஆட்டத்த விட்டுப் போன பசங்க 5 சதவீதம், பயிற்சி குடுக்காதவங்க கிட்ட 26 சதவீதம். வெற்றி தோல்வில வித்தியாசம் இல்ல. அது சின்னப் பசங்க, வேற ஆட்டம், வேற ஊரு, நம்ம பன்னெண்டாவது பசங்களுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா விதிய அவங்களையே போட வைக்கறது நம்ம ஊர்லயும் வேலை செய்யுது, நானே பாத்திருக்கேன். நாலஞ்சு விதி போதும், அவங்க கையெழுத்துலயே எழுதி, மீறுனா என்னன்னும் அவங்களே எழுதட்டும். நாம நினைக்கறத விட கடுமையாவே எழுதுவாங்க, நீங்கதான் குறைக்க வேண்டியிருக்கும்.

அந்த மூணு பேர ஒரே கணக்குல சேக்காதீங்க. கை ஓங்குனவன் ஒருத்தன், விலக்கப் போயி மாட்டுனவன் ஒருத்தன் இருப்பான், தனித்தனியா கேளுங்க. அடிச்சவனுக்கு அடுத்த ஒரு மேட்ச் கிடையாது, ஆனா டீமோட வரணும், தண்ணி கேன் தூக்கணும், பெஞ்சுல உக்காரணும், டீம விட்டு தூக்குனா அவன் அடுத்த தடவ பைக்ல வந்து ஏத்தி விடற கும்பல்ல சேர்ந்துடுவான். கிக்-ஆஃப்புக்கு முன்னாடி அடிச்சாலும் ரெஃப்ரி வெளிய அனுப்ப முடியும்ங்கறதையும் பசங்க கிட்ட சொல்லுங்க, மேட்ச்சுக்கு முன்னாடி கிரவுண்ட செக் பண்ண உள்ள வந்ததுலேர்ந்து அவருக்கு அந்த அதிகாரம் இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது. அந்த இன்னொரு ஸ்கூல் பி.டி. வாத்தியாருக்கு இந்த வாரமே போன் போட்டு பேசுங்க, அடுத்த தடவ சந்திக்கும்போது ரெண்டு கேப்டனும் வந்ததுமே கை குடுத்துக்கட்டும். அப்புறம் ஹெச்.எம். கிட்ட இந்த ஏற்பாட்ட எல்லாம் ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்து கூட ஒரு வாத்தியார அனுப்பச் சொல்லிக் கேளுங்க. பதினெட்டு பசங்களுக்கு நீங்க ஒத்த ஆளு, ஃபார்ம் குடுக்க டேபிளுக்கு போற அந்த பத்து நிமிஷம் மரத்தடில யாருமே இல்ல, போன தடவ கைகலப்பும் அப்படி ஒரு பத்து நிமிஷத்துலதான் நடந்திருக்கும்னு நினைக்கறேன்.